லாங்ஸ்டன் ஹியூஸ்: கவிஞர், நாடக ஆசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாங்ஸ்டன் ஹியூஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நதிகளைப் பற்றிய ஒரு சின்னக் கவிதை. பாடப்புத்தகங்கள் வழியாக அது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவருடைய நாடகங்களுக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் மேடை ஆசை சின்ன வயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது, கடைசிவரை விடவே இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் அவர் கவிதைகளில் பேசும் குரல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது புரியாது என்றே நினைக்கிறேன். அதனால் கீழே உள்ள பதில்களில் நாடகத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

லாங்ஸ்டன் ஹியூஸ் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர், நாடக ஆசிரியர், கதாசிரியர், பத்தி எழுத்தாளர். முழுப்பெயர் ஜேம்ஸ் மெர்சர் லாங்ஸ்டன் ஹியூஸ். 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினக் கலைஞர்களிடையே எழுந்த பெரும் கலை அலையை ஹார்லெம் மறுமலர்ச்சி என்பார்கள். அதன் முக்கியமான குரல் இவர். அந்த அலை ஓய்ந்த பிறகும் 1967இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். வேலைக்காரப் பெண், லிஃப்ட் இயக்குபவர், பியானோ வாசிப்பவர், வாடகை கட்ட முடியாதவர் என்று சாதாரண உழைக்கும் ஜனங்கள் பேசுகிற பேச்சையே கவிதையாகவும் வசனமாகவும் ஆக்கினார். அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

பிறந்த ஆண்டு 1901ஆ, 1902ஆ?

பழைய நூல்களில் எல்லாம் 1902 பிப்ரவரி 1, மிசூரி மாநிலத்து ஜோப்ளின் என்று இருக்கும். ஹியூஸும் அப்படித்தான் நம்பினார். 2018இல் கன்சாஸ் மாநிலத்துக் கறுப்பினப் பத்திரிகை ஒன்றின் பழைய இதழ்களைப் புரட்டியபோது, 1901லேயே கைக்குழந்தை லாங்ஸ்டனைப் பற்றிய செய்திக் குறிப்புகள் கிடைத்தன. அதனால் இப்போது பல இடங்களில் 1901 என்று போடுகிறார்கள். இரண்டையும் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அவருடைய குடும்பம் எப்படிப்பட்டது?

அப்பா ஜேம்ஸ் நதானியல் ஹியூஸ், அமெரிக்காவின் நிறவெறி தாங்காமல் நாட்டைவிட்டே போய் மெக்சிகோவில் குடியேறியவர். அம்மா கேரி வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். பையன் வளர்ந்தது கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில், அம்மாவைப் பெற்ற பாட்டி மேரி லாங்ஸ்டனிடம்.

இந்தப் பாட்டியைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம். அவருடைய முதல் கணவர் லூயிஸ் ஷெரிடன் லியரி, 1859இல் அடிமை முறையை எதிர்த்து ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் நடத்திய தாக்குதலில் உயிர்விட்டவர். குண்டு துளைத்த அவருடைய சால்வையைப் பாட்டி பத்திரமாக வைத்திருந்தார். பேரன் சின்னப்பையனாக இருந்தபோது அதைத்தான் அவனுக்குப் போர்த்திவிடுவார். இரண்டாவது கணவரின் தம்பி ஜான் மெர்சர் லாங்ஸ்டன் வர்ஜீனியாவிலிருந்து அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வானவர். வீட்டில் காசு இல்லை, ஆனால் கதைக்குக் குறைவே இல்லை. பாட்டி சொன்ன கதைகளில் யாரும் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வேலை செய்வார்கள் அல்லது போராடுவார்கள் என்று ஹியூஸ் தன் சுயசரிதையில் எழுதுகிறார். 1915இல் பாட்டி இறந்துபோனார்.

கவிதை எழுத எப்போது ஆரம்பித்தார்?

பாட்டி இறந்தபின் அம்மாவோடு இல்லினாய் மாநிலத்து லிங்கன் ஊருக்குப் போனார். அங்கே பள்ளியில் வகுப்புக் கவிஞராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை அவர் ஒரு கவிதைகூட எழுதியதில்லை! வகுப்பில் இரண்டே கறுப்பினக் குழந்தைகள். கறுப்பர் என்றால் தாளம் ரத்தத்திலேயே இருக்கும் என்று மற்ற பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள், அதனால் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிற்பாடு அவரே விளக்கினார். அப்புறம் கிளீவ்லாந்தில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி, அங்கே பள்ளி இதழில் கவிதைகள்.

1920இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பாவைப் பார்க்க ரயிலில் மெக்சிகோ கிளம்பினார். செயின்ட் லூயிஸ் அருகே மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது அந்திச் சூரியன். அந்த ஆற்றின் வழியே தெற்கே விற்கப்பட்ட அடிமைகளின் நினைவு வந்தது. யூப்ரடீஸ், காங்கோ, நைல் என்று நினைவு பின்னோக்கி ஓடியது. அப்பா அனுப்பிய கடிதத்தின் உறைக்குப் பின்னாலேயே பத்து, பதினைந்து நிமிடங்களில் எழுதி முடித்தார். அதுதான் 'த நீக்ரோ ஸ்பீக்ஸ் ஆஃப் ரிவர்ஸ்'. கறுப்பின உரிமைத் தலைவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் ஆசிரியராக இருந்த 'த கிரைசிஸ்' இதழில் 1921 ஜூனில் வெளிவந்தது. இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பையன், ஒரு இனத்தின் ஆயிரமாயிரம் வருட நினைவை 'நான்' என்ற குரலில் பேசவைத்தான். இதையே ஒரு நாடகப் பாத்திரத்தின் தனிமொழியாக நினைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இன்னும் நன்றாகக் கேட்கும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தாரா?

ஒரே வருடம், 1921இலிருந்து 1922 வரை. மகன் சுரங்கப் பொறியாளர் ஆகவேண்டும் என்பது அப்பாவின் திட்டம். கவிதை எழுதிப் பிழைக்க முடியாது என்பது அவர் கட்சி. கடைசியில் சமாதானமாகி கொலம்பியாவுக்குப் பணம் கட்டினார். விடுதி அறையை மெக்சிகோவிலிருந்து தபாலில் பதிவு செய்திருந்ததால், வந்திருப்பவர் கறுப்பர் என்பது நேரில் பார்த்தபோதுதான் அங்கே தெரிந்தது. அறையைக் கொடுக்கத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்கள்.

அவர் நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணமே வேறு. ஹார்லெமைப் பார்க்கவேண்டும். அப்புறம் 'ஷஃபிள் அலாங்' பார்க்கவேண்டும். கறுப்பினக் கலைஞர்களே எழுதி, இசையமைத்து, நடித்து 1921இல் நகரத்தையே கலக்கிய இசை நாடகம் அது. மாடி கேலரியில் மலிவு டிக்கெட் வாங்கி ராத்திரி ராத்திரியாகப் போய் உட்கார்ந்தார். அவர் படித்த பாடம் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

பட்டம் பிற்பாடு வாங்கினார். பென்சில்வேனியாவில் கறுப்பினத்தவருக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1929இல் பி.ஏ. முடித்தார்.

கப்பலில் வேலை பார்த்தாராமே?

ஆமாம். 1923இல் சரக்குக் கப்பல் ஒன்றில் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கா போனார். கப்பல் நியூயார்க் கரையைத் தாண்டியதும் தன்னிடமிருந்த புத்தகங்களை எல்லாம் கடலில் வீசினார் என்று சுயசரிதை தொடங்குகிறது. 1924இல் பாரிஸில் ஒரு இரவு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். விடிய விடிய ஜாஸ் வாசிக்கும் இடம், பாதி வேலை காதுக்குத்தான். இத்தாலியில் பாஸ்போர்ட் திருடுபோய் ஜெனோவா துறைமுகத்தில் சிக்கிக்கொண்டார். வெள்ளை மாலுமிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 'ஐ, டூ' என்ற கவிதை அங்கே பிறந்தது. விருந்தாளி வரும்போது சமையலறையில் சாப்பிட அனுப்பப்படுகிறவன், நாளை நானும் மேசையில் உட்காருவேன் என்கிறான். 'நானும் அமெரிக்காதான்' என்பது அதன் கடைசி வரி.

ஹோட்டலில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தவரை ஒரு பெரிய கவிஞர் 'கண்டுபிடித்தார்' என்பது உண்மையா?

பாதி உண்மை. 1925 இறுதியில் ஹியூஸ் வாஷிங்டனில் வார்ட்மன் பார்க் ஹோட்டலில் மேசை துடைக்கும் வேலையில் இருந்தார். அப்போது புகழில் இருந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சே அங்கே தங்கியிருந்தார். அவருடைய கவிதை வாசிப்பு நடக்கும் அரங்குக்குள் கறுப்பினப் பணியாளர்கள் போக முடியாது. ஹியூஸ் மூன்று கவிதைகளை ஒரு காகிதத்தில் எழுதி, அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேறெதுவும் பேச வாய் வராமல் நகர்ந்துவிட்டார். லிண்ட்சே அன்றிரவே அவற்றை மேடையில் படித்தார். மறுநாள் காலை நிருபர்கள் ஹோட்டலுக்கு வந்து நின்றார்கள்.

அதற்குள் 'ஆபர்ச்சூனிட்டி' இதழின் கவிதைப் போட்டியில் ஹியூஸ் முதல் பரிசு வாங்கியிருந்தார். விமர்சகர் கார்ல் வான் வெக்டன் உதவியால் க்னாஃப் பதிப்பகம் முதல் தொகுப்பையும் ஏற்றுக்கொண்டிருந்தது. லிண்ட்சேயால் கிடைத்தது நல்ல விளம்பரம். கறுப்பின இதழ்களும் வாசகர்களும் அவரை நான்கு வருடங்களாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். 'கண்டுபிடித்தார்' என்ற பேச்சில் அவர்கள் காணாமல் போவது எனக்கு உறுத்துகிறது.

ப்ளூஸ் கவிதை என்றால் என்ன? ஏன் அதற்கு எதிர்ப்பு வந்தது?

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஒரு பாட்டு வகை. அதன் வழக்கமான அமைப்பு எளிது. முதல் வரி ஒரு துயரத்தைச் சொல்லும். இரண்டாவது வரி அதையே, சின்ன மாற்றத்தோடு, திரும்பச் சொல்லும். மூன்றாவது வரி எதுகை இயைய, ஒரு கேலியோடோ கசப்போடோ முடித்துவைக்கும். அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில். இந்த வாய்மொழி வடிவத்தை அப்படியே அச்சுக் கவிதைக்குக் கொண்டுவந்தவர் ஹியூஸ். 1926இல் வந்த முதல் தொகுப்பின் தலைப்புக் கவிதையான 'த வியரி ப்ளூஸ்' ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் மங்கலான வாயு விளக்கின் கீழ் பியானோ வாசிக்கும் ஒருவரைக் காட்டுகிறது. நடுவே அவர் பாடும் பாட்டு வருகிறது. அந்தப் பாட்டில் ஒரு பகுதி, ஹியூஸ் சிறுவயதில் லாரன்ஸில் கேட்ட அசல் ப்ளூஸ். கவிஞரின் குரல் ஒன்று, பாடகரின் குரல் ஒன்று. ஒரே கவிதைக்குள் இரண்டு பாத்திரங்கள்.

அதே 1926இல் 'த நேஷன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கவிஞனாக வேண்டும், ஆனால் கறுப்பினக் கவிஞனாக வேண்டாம் என்று நினைக்கும் இளைஞனிடமிருந்து தொடங்கி, இளைய கறுப்பினக் கலைஞர்களாகிய நாங்கள் பயமோ வெட்கமோ இல்லாமல் எங்களையே எழுதப்போகிறோம் என்று முடிகிற கட்டுரை. வெள்ளையருக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. கறுப்பருக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி.

அது வெறும் பேச்சில்லை என்பது மறுவருடமே தெரிந்தது. 1927 தொகுப்பில் குடி, சூதாட்டம், அடகுக்கடை, அடிபடும் பெண்கள் எல்லாம் வந்தார்கள். கறுப்பினப் பத்திரிகைகள் கொதித்தன. நம் வீட்டு அழுக்கை ஏன் ஊருக்குக் காட்டவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கோபத்தை லேசாக ஒதுக்க முடியாது. கறுப்பர்களைக் கேவலமாகக் காட்டுவதே பொழுதுபோக்காக இருந்த நாட்டில் அவர்களுக்கு அந்தப் பயம் இருந்தது நியாயம். ஆனாலும் நூறு வருடம் கழித்துப் படிக்கையில் அந்தத் தொகுப்பு மனிதர்கள்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்?

அம்மா வழியாக. கேரிக்கு நடிகை ஆகவேண்டும் என்று ஆசை. கையில் காசு இருந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு நாடகம் பார்க்கப் போய்விடுவார். 1933இல் நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஒரு நாடகத்தில் அந்த அம்மாள் நடித்தேவிட்டார். ஹியூஸ் எழுதி அச்சான முதல் நாடகம் 'த கோல்ட் பீஸ்', குழந்தைகளுக்கானது, 1921இல் 'த பிரவுனீஸ் புக்' என்ற சிறுவர் இதழில் வந்தது. நதிக் கவிதை வந்த அதே வருடம்.

கிளீவ்லாந்தில் ரசல், ரொவீனா ஜெலிஃப் தம்பதி நடத்திய சமூக நிலையம் அவருக்குப் பள்ளிப் பருவத்திலேயே பழக்கம். பிற்பாடு அது கராமு ஹவுஸ் என்று பெயர் பெற்றது. அங்கிருந்த கில்பின் பிளேயர்ஸ் குழு 1930களில் 'லிட்டில் ஹாம்' உட்பட அவருடைய நாடகங்களை அடுத்தடுத்து மேடையேற்றியது.

ஜோரா நீல் ஹர்ஸ்டனோடு சண்டை எதற்கு?

'மியூல் போன்' நாடகத்துக்காக. ஹர்ஸ்டன் நாட்டார் கதை சேகரிப்பவர், நாவலாசிரியர், ஹியூஸின் நெருங்கிய தோழி. ஃபுளோரிடாவின் கறுப்பினச் சிற்றூர் வாழ்க்கையை வைத்து, கேலியும் வாய்ச்சவடாலும் நிறைந்த ஒரு நகைச்சுவை நாடகம் எழுத 1930இல் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு பெண்ணுக்காக இரண்டு நண்பர்கள் மோதிக்கொள்கிறார்கள், ஒருவன் மற்றவனைக் கோவேறு கழுதையின் எலும்பால் அடித்துவிடுகிறான், ஊரே மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று இரண்டு கிறிஸ்தவச் சபைகளாகப் பிரிந்து வழக்குப் பேசுகிறது. கதை ஹர்ஸ்டன் சேகரித்தது. நாடகமாகக் கட்டியதில் ஹியூஸின் பங்கு உண்டு.

இரண்டு பேரையும் ஆதரித்தது ஒரே செல்வந்தப் பெண்மணி, சார்லட் ஆஸ்குட் மேசன். பணம் கொடுப்பார், என்ன எழுதவேண்டும் என்பதையும் சொல்வார். ஹியூஸ் அதே 1930இல் அவரோடு முறித்துக்கொண்டார். இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஹர்ஸ்டன் நாடகத்தைத் தன் பெயரில் மட்டும் பதிவு செய்தார். 1931 தொடக்கத்தில் பிரதி எப்படியோ கிளீவ்லாந்து குழுவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஹியூஸும் அங்கே இருந்தார். சண்டை வெடித்தது, மேடையேற்றம் நின்றது, நட்பும் முடிந்தது. நாடகம் முதன்முதலாக மேடை கண்டது 1991இல், இருவரும் இறந்து பல காலம் கழித்து. யார் பக்கம் நியாயம் என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்த வயதில் அவ்விருவரும் சேர்ந்து இன்னும் நான்கு நாடகம் எழுதியிருந்தால் அமெரிக்க நகைச்சுவை நாடகமே வேறு திசையில் போயிருக்கும் என்பது என் ஆதங்கம்.

அவருடைய மிகப்பெரிய மேடை வெற்றி எது?

ஓட்டத்தை வைத்துச் சொன்னால் 'முலாட்டோ'. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறந்தவரைக் குறிக்கும் பழைய சொல் அது. 1935 அக்டோபர் 24 அன்று பிராட்வேயில் தொடங்கி 373 காட்சிகள் ஓடியது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு வேறு எந்தக் கறுப்பின நாடக ஆசிரியரின் நாடகமும் பிராட்வேயில் அவ்வளவு நாள் ஓடவில்லை.

ஜார்ஜியாவில் ஒரு பண்ணை. வெள்ளை முதலாளி கர்னல் நார்வுட். அவர் வீட்டில் முப்பது வருடமாக வேலைக்காரியாகவும் துணைவியாகவும் இருக்கும் கறுப்பினப் பெண் கோரா. அவர்களுடைய மகன் ராபர்ட் கல்லூரியிலிருந்து திரும்பி வருகிறான். அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முன்வாசல் வழியாக வருவேன், போவேன். அப்பாவை அப்பா என்றழைக்கக் கூடாது, முன்கதவைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். வாக்குவாதம் முற்றி மகன் அப்பாவைக் கொன்றுவிடுகிறான். கும்பல் துரத்துகிறது. கோரா மட்டும் மேடையில் பிணத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு கதவை வைத்துக்கொண்டு முழு அடிமை வரலாற்றையும் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார் ஹியூஸ். அதில் எனக்கு ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

அவருக்கு இதில் சந்தோஷம் கிடைக்கவில்லை. ஒத்திகை நடக்கிற விஷயமே நியூயார்க் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஜோன்ஸ் வசூலுக்காகப் பிரதியை மாற்றி, அசலில் இல்லாத ஒரு பாலியல் வன்முறைக் காட்சியைச் சேர்த்திருந்தார். விமர்சகர்கள் திட்டியது ஹியூஸைத்தான். உரிமைத்தொகைக்கும் இழுபறி. அவர் எழுதியபடியான பிரதி 1963இல் அவருடைய ஐந்து நாடகங்களின் தொகுப்பில் வந்தது. படிப்பதானால் அதைப் படியுங்கள்.

சூட்கேஸ் தியேட்டர் என்பது என்ன?

பிராட்வே அனுபவத்துக்கு ஹியூஸ் சொன்ன பதில் என்று இதைப் பார்க்கலாம். 1938இல் ஹார்லெமின் 125ஆவது தெருவில், ஒரு தொழிலாளர் அமைப்பின் மாடி ஹாலில், ஹார்லெம் சூட்கேஸ் தியேட்டரை ஆரம்பித்தார். திரைச்சீலை இல்லை, செட் இல்லை. சாமான் மொத்தமும் ஒரு சூட்கேஸில் அடங்கவேண்டும், பெயருக்குக் காரணம் அதுதான். நடிகர்கள் அக்கம்பக்கத்து உழைப்பாளிகள். டிக்கெட் 35 சென்ட். முதல் நாடகம் 'டோன்ட் யூ வான்ட் டு பி ஃப்ரீ?'. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைச் சந்தை, அங்கிருந்து ஹார்லெம் வாடகை வீடுவரை கறுப்பினத்தவர் கதையை அவருடைய கவிதைகள், ஆன்மிகப் பாடல்கள், ப்ளூஸ் எல்லாம் கோத்துச் சொல்கிற நாடகம். வார இறுதிகளில் மட்டும் நடத்தியே 135 காட்சிகள் ஓடியது. முக்கிய வேடத்தில் ராபர்ட் ஏர்ல் ஜோன்ஸ், பின்னாளில் புகழ்பெற்ற நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் தந்தை.

373 காட்சி ஓடிய நாடகத்தைவிட இந்த 135தான் ஹியூஸின் உண்மையான வெற்றி என்பேன். தன் ஜனங்களுக்காக, தன் ஜனங்களை வைத்து, தன் தெருவிலேயே நடத்தினார். பிறகு லாஸ் ஏஞ்சலஸிலும் சிகாகோவிலும் இதேபோலக் குழுக்களைத் தொடங்கினார். அவை நீண்ட நாள் நிற்கவில்லை.

'சிம்பிள்' யார்?

ஹியூஸ் படைத்த பாத்திரம், ஜெஸ் பி. செம்பிள் என்பது முழுப்பெயர். இரண்டாம் உலகப்போர் சமயம் ஹார்லெம் மதுக்கடையில் ஹியூஸ் ஒருவரைச் சந்தித்தார். போர்த் தொழிற்சாலையில் கிராங்க், அதாவது இயந்திரத்தைச் சுற்றும் கைப்பிடி, செய்கிறேன் என்றார் அவர். எதற்கான கிராங்க் என்று ஹியூஸ் கேட்டார். அது எதைச் சுற்றுமோ எனக்கென்ன தெரியும், நான் கிராங்க் செய்கிறேன், அவ்வளவுதான் என்றார். இத்தனை நாளாகச் செய்கிறாய், இதுகூடத் தெரியாதா என்று கூட இருந்த பெண் கடிந்துகொண்டார். வெள்ளைக்காரர்கள் கறுப்பனிடம் அதையெல்லாம் சொல்வதில்லை என்றார் அவர்.

அந்த உரையாடலிலிருந்து சிம்பிள் பிறந்தான். 'சிகாகோ டிஃபென்டர்' பத்திரிகையில் 1943 முதல் இருபது வருடங்களுக்கு மேல் அவன் மதுக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து நிறவெறி, கால்வலி, வாடகை, காதல் என்று எல்லாவற்றையும் பேசினான். எதிரே படித்த நண்பன் ஒருவன், திருத்திக்கொண்டே இருப்பான். கவிதைப் புத்தகமே தொடாத ஆயிரக்கணக்கானவர்கள் வாராவாரம் இதைப் படித்தார்கள். 1957இல் 'சிம்ப்ளி ஹெவன்லி' என்ற இசை நாடகமாகி சிம்பிள் பிராட்வேக்கும் போனான்.

ஹியூஸ் கம்யூனிஸ்டா?

கட்சி உறுப்பினர் இல்லை. ஆனால் 1930களில் அவருடைய அனுதாபம் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. அலபாமாவில் பொய்க் குற்றச்சாட்டில் சிறைப்பட்ட ஸ்காட்ஸ்பரோ இளைஞர்களைச் சிறையில் போய்ப் பார்த்தார், அவர்களைப் பற்றி நாடகமும் கவிதைகளும் எழுதினார். 1932இல் அமெரிக்கக் கறுப்பர் பற்றிய திரைப்படம் ஒன்றுக்காக ஒரு குழுவோடு மாஸ்கோ போனார். படம் எடுக்கப்படவே இல்லை. அவர் மத்திய ஆசியாவைச் சுற்றிவிட்டு வந்தார். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து 'பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன்' இதழுக்குச் செய்தி அனுப்பினார்.

இதற்கெல்லாம் 1953 மார்ச்சில் விலை கேட்டார்கள். கம்யூனிஸ்ட் தொடர்பு உள்ளவர்களைத் தேடி விசாரித்த செனட்டர் மெக்கார்த்தியின் குழு முன்னால் ஆஜரானார். மற்றவர்கள் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் தன்னுடைய பழைய தீவிரக் கவிதைகளிலிருந்து விலகிக்கொண்டார். 1959இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகளில் அவை இல்லை. அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு எழுதிய நூல்களில் டு பாய்ஸ், இடதுசாரிப் பாடகர் பால் ரோப்சன் பெயர்களைத் தவிர்த்தார். தன் நதிக் கவிதைக்கு இடம் கொடுத்த டு பாய்ஸின் பெயரையே! இது என்னை வருத்துகிற இடம். ஆனாலும் எழுத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஒரு கறுப்பின எழுத்தாளருக்கு அப்போது வாசல்கள் எவ்வளவு சீக்கிரம் மூடும் என்பதையும் மறந்துவிட்டு நியாயம் பேசக்கூடாது.

எழுதியே பிழைத்தாரா?

பெரும்பாலும் அப்படித்தான், இழுத்துப்பிடித்து. கவிதை வாசிப்புப் பயணங்கள், பத்திகள், தொகுப்புகள், சிறுவர் நூல்கள், பாடல் வரிகள் என்று எது வந்தாலும் எடுத்துக்கொண்டார். சொந்த வீட்டுக்கு வழிசெய்தது நாடக மேடை. இசையமைப்பாளர் கூர்ட் வைல், நாடக ஆசிரியர் எல்மர் ரைஸ் இருவரோடும் சேர்ந்து 'ஸ்ட்ரீட் சீன்' இசை நாடகத்துக்குப் பாடல்கள் எழுதினார். 1947இல் பிராட்வேயில் வந்தது. அந்த வருமானத்தில்தான் ஹார்லெம் கிழக்கு 127ஆவது தெருவில், தன்னை மகன்போலப் பார்த்துக்கொண்ட ஹார்ப்பர் தம்பதியோடு சேர்ந்து வீடு வாங்கினார்.

லொரெய்ன் ஹான்ஸ்பெரி, மார்ட்டின் லூதர் கிங் இருவரோடும் இவருக்கு என்ன தொடர்பு?

1951இல் ஹியூஸ் வெளியிட்ட 'மான்டேஜ் ஆஃப் எ ட்ரீம் டிஃபர்ட்' ஹார்லெமின் ஒரு நாளை, ஜாஸ் இசையின் திடீர்த் திருப்பங்களோடு, பல குரல்களில் சொல்லும் நீள் கவிதை. தள்ளிப்போடப்பட்ட கனவு என்னவாகும், வெயிலில் திராட்சைபோல வற்றிப்போகுமா, இல்லை வெடிக்குமா என்று கேட்கும் 'ஹார்லெம்' அதில் உள்ளது. அந்த வரியிலிருந்து தலைப்பு எடுத்துத்தான் கறுப்பின நாடக ஆசிரியர் ஹான்ஸ்பெரி 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தை எழுதினார். 1959இல் அது பிராட்வே ஏறி, 'முலாட்டோ'வின் ஓட்டத்தைத் தாண்டியது. கிங்கும் ஹியூஸின் வரிகளைத் தன் உரைகளில் கையாண்டிருக்கிறார்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

சின்னதாக உண்டு. 1943இல் காந்தி சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, அதையும் அமெரிக்க நிறவெறியையும் ஒரே மூச்சில் பேசும் கவிதை ஒன்றை எழுதினார்.

திருமணம் செய்துகொண்டாரா?

இல்லை. அந்தரங்க வாழ்க்கையை அவர் யாருக்கும் திறந்து காட்டவில்லை. தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்று சிலரும், அதற்கு உறுதியான சான்று இல்லை என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள்.

எப்போது இறந்தார்?

1967 மே 22, நியூயார்க்கில், புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால். இறுதி நிகழ்ச்சியில் ஜாஸ் வாசித்தார்கள். அஸ்தி ஹார்லெமில் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு நூலகமான ஷோம்பர்க் மையத்துத் தரையடியில் வைக்கப்பட்டிருக்கிறது. மேலே நதிகளின் வடிவம் பதித்திருக்கிறார்கள்.

அவருடைய நாடகங்கள் இன்றும் நடக்கின்றனவா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

'பிளாக் நேட்டிவிட்டி' வருடாவருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் பல ஊர்களில் நடக்கிறது. 1961இல் முதலில் மேடையேறியது. இயேசு பிறப்பின் கதையை முழுக்க முழுக்க காஸ்பல் என்னும் கறுப்பினத் தேவாலயப் பாடல்களாலும் நடனத்தாலும் சொல்வது. தேவாலயப் பாடகர் குழுக்களுக்குக் கைவந்த பாட்டுகள் என்பதால் எங்கே போட்டாலும் உள்ளூர் ஜனங்களே பாடிவிடுவார்கள்.

படிப்பதற்கு: கவிதையில் 'த வியரி ப்ளூஸ்', அப்புறம் 'மான்டேஜ்'. உரைநடையில் 1940இல் வந்த சுயசரிதை 'த பிக் சீ', அதைத் தொடர்ந்து சிம்பிள் கதைகள். வாழ்க்கை வரலாறு வேண்டுமென்றால் ஆர்னல்ட் ராம்பர்சாட் எழுதிய இரண்டு பாகங்கள். நாடகத்தில் 'முலாட்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகக் குழு வைத்திருப்பவர்கள் 'டோன்ட் யூ வான்ட் டு பி ஃப்ரீ?' பிரதியை அவசியம் பார்க்கவேண்டும். வெறும் தளம், நாலைந்து நடிகர்கள், பாடத்தெரிந்த ஒருவர் இருந்தால் ஒத்திகையைத் தொடங்கிவிடலாம்.